27.8 ஆர்பிஎம்ல ஓடிட்டிருந்த தோரன்ஸ்: ஒரு பழைய டர்ன்டேபிளை வாங்கி சரி பண்ண முழு விவரம்

போன வருஷம் ஆடி மாசம், மயிலாப்பூர்ல ஒரு பழைய வீட்டு ஹால்ல, தோரன்ஸ் டிடி 160 ஒண்ணுக்கு முன்னாடி உக்காந்திருந்தேன். விக்கிறவர் ரிட்டயர்டு இன்ஜினியர், எழுபத்தஞ்சு தாண்டினவர். அமெரிக்காவுல இருபது வருஷம் இருந்துட்டு 1990கள்ல குடும்பத்தோட திரும்பி வந்தப்ப கூடவே கொண்டுவந்த செட்டு. ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர்ல சொருகி ஒரு கர்நாடக எல்பியை வெச்சார். தம்பூரா கேட்ட உடனே என்னமோ சரியில்லன்னு பட்டுச்சு, அப்புறம் பாட ஆரம்பிச்ச அம்மாவோட குரல் ஆம்பளைக் குரல் மாதிரி கனமா, இழுத்து இழுத்து வந்துச்சு.

"இதுக்கும் வயசாயிடுச்சு தம்பி. இந்தியா வந்ததுல இருந்தே மெதுவாத்தான் ஓடுது. பெல்ட் மாத்திப் பாத்தேன், ஒண்ணும் ஆகல. ஒரு கடையில குடுத்தேன், மோட்டார் வீக்குன்னு சொல்லி ஒயரை மட்டும் மாத்தி அனுப்பிட்டாங்க. அதோட மூடி வெச்சுட்டேன்."

இந்தியா வந்ததுல இருந்தே. விஷயம் முழுக்க அந்த ஒரு வார்த்தைக்குள்ளதான் இருக்குன்னு எனக்கு அங்கயே தோணுச்சு. அமெரிக்க கரன்ட் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம்ம கரன்ட் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஸ்டெப்-டவுன் வோல்ட்டை மட்டும்தான் குறைக்கும், ஹெர்ட்ஸைத் தொடவே தொடாது. டிடி 160ல இருக்கிறது 16 போல் (காந்தத் துருவம்) உள்ள சிங்க்ரனஸ் மோட்டார், அதோட வேகத்தை வோல்ட் முடிவு பண்றதில்ல, ஹெர்ட்ஸ்தான் முடிவு பண்ணுது. 120ஐ (இது வோல்ட் இல்ல, சூத்திரத்துல வர்ற எண்ணு) ஹெர்ட்ஸால பெருக்கி போல் எண்ணிக்கையால வகுத்தா வேகம் வந்துடும்: 60 ஹெர்ட்ஸ்ல நிமிஷத்துக்கு 450 சுத்து, 50 ஹெர்ட்ஸ்ல 375 சுத்து. மோட்டார் முனைல பெல்ட்டை இழுக்கற, 450 சுத்துக்குன்னு கடைஞ்ச சின்ன புல்லியை 375ல ஓட்டினா தட்டு 33⅓க்கு பதிலா 27.8ல சுத்தும். சுருதி மூணு செமிடோனுக்கும் கொஞ்சம் கூடவே இறங்கிடும், அதாவது 5 கட்டையில பாடினவங்க குரல் 3 கட்டைக்கும் கொஞ்சம் கீழ போயிடும். அன்னிக்கு அந்த ஹால்ல நாங்க கேட்டது இதைத்தான்.

வாங்குறதுக்கு முன்னாடியே அவர்கிட்ட சொல்லிட்டேன், "சார், எனக்கு தெரிஞ்சு மோட்டார் நல்லாத்தான் இருக்கு. புல்லி அமெரிக்கா புல்லி, அவ்வளவுதான்." அதை மறைச்சு வெலை கேக்க மனசு வரல. அவர் கொஞ்ச நேரம் தட்டையே பாத்துட்டிருந்தார். "அப்ப இத்தனை வருஷமா இது நல்லாத்தான் இருந்திருக்கு,"ன்னு மெதுவா சொன்னார். வெலையை ஏத்தல, முதல்ல சொன்ன 22,000க்கே குடுத்தார்.

இந்த செட்டைப் பத்தி கொஞ்சம். தோரன்ஸ் 1883ல சுவிட்சர்லாந்துல செயின்ட்-குருவா ஊர்ல இசைப்பெட்டி செய்ய ஆரம்பிச்ச கம்பெனி. 1965ல டிடி 150, அதுக்கப்புறம் 1972ல டிடி 160, டிடி 160 ஜெர்மனில லார் ஊர் ஃபேக்டரில செஞ்சது. பெல்ட் டிரைவ். தட்டும், முள்ளைத் தாங்கற ஆர்மும் சப்-சேஸிஸ்ங்கிற ஒரே உள்சட்டத்துல உக்காந்திருக்கும், அந்த சப்-சேஸிஸ் மூணு ஸ்பிரிங் மேல மிதக்கும், மோட்டார் தனியா மேல் பிளேட்ல இருக்கும். மோட்டார் அதிர்வு முள்ளுக்குப் போகாம இருக்க இந்த ஏற்பாடு. ரொம்ப எளிமையான மெஷின், உள்ள ஐசி கிடையாது, போர்டு கிடையாது, அதனாலதான் 50 வருஷம் கழிச்சும் வீட்லயே சரி பண்ண முடியுது. இதுல 78 கிடையாது, 33ம் 45ம் மட்டும்தான். தாத்தா காலத்து 78 தட்டு போடணும்னு நினைக்கிறவங்க வேற செட்டு பாருங்க.

வாங்கும்போது கையால பாத்தது: ஆர்மை மெதுவா முன்னும் பின்னும் அசைச்சுப் பாத்தேன், பேரிங்ல ஆட்டம் இல்ல. ஆர்ம் லிஃப்ட் மெதுவா இறங்குச்சு. மூடில ஒரு கீறல், போகட்டும். தட்டைக் கையால சுத்திவிட்டப்ப சீக்கிரமே நின்னுடுச்சு, அது மட்டும் மனசுல உறுத்திச்சு.

வீட்டுக்கு வந்து மொதல் வேலை, டெஸ்ட் ரெக்கார்டுல 3150 ஹெர்ட்ஸ் டோனை ஓட்டி ஃபோன்ல அளந்தேன். 2625ன்னு காட்டுச்சு. 3150ல ஆறுல அஞ்சு பங்கு எவ்வளவோ, துல்லியமா அதே. இதுக்கு மேல சந்தேகப்பட ஒண்ணுமே இல்ல, மோட்டார் பொட்டு தப்பாம 50 ஹெர்ட்ஸுக்கு ஓடுது, வீக்கா இருந்தா இப்படி கணக்கா வராது.

அடுத்து வெளித்தட்டையும் உள்தட்டையும் தூக்கினேன். ஸ்பிண்டில் பேரிங்க விட்டு வெளிய வரும்போதே வாசனை தெரிஞ்சுடுச்சு, தேங்காண்ணெய். சிக்குப் பிடிச்ச பழைய தேங்காண்ணெய், விரல்ல தொட்டா கோந்து மாதிரி இழுத்துச்சு, ஸ்பிண்டில் நுனில பழுப்பா படிஞ்சிருந்துச்சு. எந்தக் காலத்துலயோ யாரோ நல்லெண்ணத்துலதான் விட்டிருப்பாங்க. ஆனா தேங்காண்ணெய் 24 டிகிரிக்குக் கீழ உறையும், நாளாக நாளாக காத்து பட்டு பிசினாயிடும். சமையலறை எண்ணெய் எதுவுமே பேரிங்குக்கு ஆகாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல பஞ்சு நனைச்சு, மூங்கில் குச்சில சுத்தி, பேரிங் கிணத்தை ஏழெட்டு தடவை தொடைச்சேன், பஞ்சு வெள்ளையா வர்ற வரைக்கும். அப்புறம் டிடர்ஜென்ட் சேர்க்காத லேசான மெஷின் ஆயில் ரெண்டு மூணு சொட்டு, உள்தட்டை விட்டதும் அது தன்னால மெதுவா, காத்து வெளிய போகப் போக இறங்குச்சு. அந்த இறக்கம்தான் பேரிங் தேயலங்கிறதுக்கு நல்ல அடையாளம். பெல்ட் இல்லாம சுத்திவிட்டா முன்னாடி 40 செகண்ட்ல நின்ன தட்டு இப்ப ரெண்டு நிமிஷத்தைத் தாண்டி ஓடுச்சு.

இப்ப புல்லி. ரெண்டு வழி இருந்துச்சு. ஒண்ணு, 60 ஹெர்ட்ஸ் சைன் வேவ் உண்டாக்குற பவர் சப்ளை கட்டுறது, இன்னொண்ணு 50 ஹெர்ட்ஸ் புல்லி போடுறது. ஜெர்மனில இருந்து புல்லி வரவழைக்க ஆகுற செலவைப் பாத்துட்டு, இங்கயே கடைஞ்சா என்னன்னு அம்பத்தூர்ல ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். பழைய புல்லியை மாதிரிக்குக் குடுத்து, "விட்டம் மட்டும் 1.2 மடங்கு வேணும்ணே"ன்னேன். அவர் வெர்னியர்ல அளந்து, வெளிச்சத்துல தூக்கிப் பாத்து, "எத்தனை ஆர்பிஎம் தம்பி?"ன்னார். "375." "அவ்வளவுதானா, அரை நாள் வேலை." பித்தளைல பளபளன்னு கடைஞ்சு குடுத்தார், 600 ரூபா.

மாட்டி ஓட்டினேன். குரல் திரும்பி வந்துடுச்சு. அந்த எல்பில பாடினவங்க அம்மாவாவே பாடினாங்க. டெஸ்ட் டோன் 3123ன்னு காட்டுச்சு, கிட்டத்தட்ட 0.9 சதவீதம் மெதுவு. அதுக்குக் காரணம் என் கணக்கு. பெல்ட்டுக்கு தடிமன் உண்டு, அதனால வேகத்தை முடிவு பண்றது புல்லியோட விட்டம் மட்டும் இல்ல, அதோட பெல்ட் தடிமனும் சேந்ததுதான். விட்டத்தோட பெல்ட் தடிமனைக் கூட்டி, 1.2ஆல பெருக்கி, அப்புறம் தடிமனைக் கழிக்கணும். நான் வெறும் விட்டத்தைப் பெருக்கிட்டேன். 6 சதவீதம் மாறினா அரைக்கட்டை, 0.9ங்கிறது அதுல ஆறுல ஒரு பங்கு கூட இல்ல, கூட உக்காந்து வாசிக்காத வரைக்கும் தெரியாது.

ஆனா வேற ஒண்ணு தெரிஞ்சுது. கச்சேரி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி தம்பூரா மட்டும் வருமே, அந்த இடத்துல பஞ்சமம் லேசா நடுங்குச்சு. குளிர்ல பேசுறவங்க குரல் மாதிரி, வேகமான சின்ன நடுக்கம். சினிமா பாட்டு ஈபி போட்டா தெரியவே இல்ல, வயலின் கூட்டமும் தபலாவும் சேந்து மூடிடுது. டர்ன்டேபிளோட வேக ஆட்டத்தைக் கண்டுபிடிக்க தம்பூராவை விட நல்ல கருவி நான் பாக்கல, ஏன்னா அது அசையவே கூடாத ஸ்வரம், அது அசைஞ்சா தப்பு மெஷின்லதான்.

வழக்கமா எல்லாரும் சொல்ற காரணம் ரெக்கார்டோட நடு ஓட்டை தள்ளி இருக்குங்கறது. அது நடக்கும்தான், ஆனா அந்த ஆட்டம் ஒரு சுத்துக்கு ஒரு தடவை, 33⅓ல கணக்குப் போட்டா 1.8 செகண்டுக்கு ஒரு தடவை மெதுவா ஊஞ்சல் மாதிரி வரும். இது அது இல்ல. டெஸ்ட் டோனை லேப்டாப்ல பதிஞ்சு, நேரத்துக்கு ஏத்த மாதிரி ஹெர்ட்ஸ் எப்படி ஏறி இறங்குதுன்னு கிராஃப் போட்டு, 10 செகண்டுக்கு எத்தனை அலைன்னு எண்ணினேன். அறுபத்தி ரெண்டு, அறுபத்தி மூணு. 375ஐ 60ஆல வகுத்தா 6.25. புல்லி ஒரு தடவை சுத்த எவ்வளவு நேரமோ அதே நேரம். ராத்திரி பதினொண்ணரைக்கு அந்த எண்ணு வந்து விழுந்தப்ப எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி புரியவைக்க முடியாது.

மறுநாள் புல்லியோட மோட்டாரையும் எடுத்துட்டுப் பட்டறைக்குப் போனேன். அண்ணன் டயல் கேஜை நிறுத்தி, நுனியை புல்லி மேல வெச்சு, விரலால மெதுவா சுத்தினார். ஊசி 0.06 மில்லி போய் வந்துச்சு. அவருக்கு அது ஒண்ணுமே இல்ல, பம்பு ஷாஃப்ட்டுக்கு இது தாராளம். இவ்வளவு சின்ன புல்லில அது எவ்வளவு பெரிய விஷயம்னு சொன்னதும் அவரோட முகமே மாறிப்போச்சு, ரெண்டாவது ஒண்ணு கடைஞ்சு குடுத்தார், காசு வாங்கல. அதுல 0.03 வந்துச்சு. நடுக்கம் பாதியாச்சு, போகல. அவர் லேத்தோட எல்லை அதுதான், அவர் கையோட தப்பு இல்ல. தவிர, ஒரிஜினல் புல்லி உள்ள ஒரு கிளட்ச் இருக்கும், ஸ்டார்ட் ஆகும்போது கனமான தட்டு பெல்ட்டை வெடுக்குன்னு இழுக்காம கொஞ்சம் வழுக்கி விட்டு அப்புறம் பிடிக்கும். பித்தளைக் கட்டில அது கிடையாது. கடைசில ஜெர்மனில இருந்து 50 ஹெர்ட்ஸ் புல்லியும் புது பெல்ட்டும் வரவழைச்சேன், கஸ்டம்ஸோட சேத்து 9,400 ஆச்சு. மாட்டினதும் 3152. அந்த 6.25 அலை கிராஃப்ல தேடினாலும் இல்ல.

இதுக்கு நடுவுல இன்னொரு விஷயம் புரிஞ்சுது. செட்டோட வந்தது ஷூர் கம்பெனி காட்ரிட்ஜ் (ஆர்ம் நுனில முள்ளைப் பிடிச்சிருக்கற சின்னப் பெட்டி), அந்தக் காலத்து அமெரிக்க வீடுகள்ல இதுதான் நெறைய இருந்துச்சு. ஷூர் 2018ல காட்ரிட்ஜ் செய்யறதையே நிறுத்திட்டாங்க, ஜப்பான்ல ஜிகோ கம்பெனி அதுக்கு மாத்து முள்ளு செய்யுது. முள்ளு வாங்கி மாட்டி அப்படியே விட்டிருக்கலாம், ஆனா கணக்கு இடிச்சுது. டிடி 160ல வர்ற டிபி 16 ஆர்மோட எஃபெக்டிவ் மாஸ், அதாவது முள்ளு அசைக்க வேண்டிய கனம், 16.5 கிராம், கனமான ஆர்ம். காட்ரிட்ஜும் ஸ்க்ரூவும் சேத்தா 23 கிராம். அந்த மாதிரி மெத்து மெத்துன்ன முள்ளுக்கு கம்ப்ளையன்ஸ் (எவ்வளவு சுலபமா வளையுதுங்கற அளவு) 25ன்னு வெச்சா, 159ஐ 23 பெருக்கல் 25ஓட வர்க்கமூலத்தால வகுத்து வர்றது 6.6 ஹெர்ட்ஸ், ஆர்மும் முள்ளும் சேந்து தன்னால ஆடுற ரெசொனன்ஸ் அதுதான். இது 8ல இருந்து 12க்குள்ள இருக்கறதுதான் நல்லது, கீழ போனா வளைஞ்ச தட்டுல ஆர்ம் மேலயும் கீழயும் ஆட ஆரம்பிச்சுடும். என் செட்டுல புல்லி 6.25, ஆர்ம் 6.6, ரெண்டும் பக்கத்துல பக்கத்துல. பெல்ட் வழியா வந்த இழுப்பு சப்-சேஸிஸை அசைச்சு, ஆர்மும் அதோட சேந்து ஆடியிருக்கு. பித்தளை புல்லி இருக்கும்போதே காட்ரிட்ஜை மாத்தி ஓட்டிப் பாத்தேன், நடுக்கம் கண்ணுக்குத் தெரியற அளவு குறைஞ்சுது, அதனாலதான் இவ்வளவு நிச்சயமா சொல்றேன்.

மாத்தினது ஆடியோ-டெக்னிகா விஎம்95இ. கொஞ்சம் விறைப்பான முள்ளு, ரெசொனன்ஸ் 9 ஹெர்ட்ஸ் பக்கம் வருது, 2 கிராம் எடைல ஓடும். முக்கியமான வசதி, அதே உடம்புல வேற வேற முள்ளு மாத்திக்கலாம். ரெண்டு மாசம் கழிச்சு மைக்ரோலீனியர் முள்ளு வாங்கிப் போட்டேன். நம்ம ஊர் எல்பிகளுக்கு இதுல ஒரு தனி லாபம் இருக்கு. நம்ம வீடுகள்ல தட்டெல்லாம் ரேடியோகிராம்ல, செராமிக் காட்ரிட்ஜ்ல, 5 கிராம் எடைல வருஷக்கணக்கா ஓடினது, உருண்டை முள்ளு பள்ளத்தோட சுவத்துல ஒரே இடத்தைத் தேய்ச்சுத் தேய்ச்சு விட்டிருக்கும். மைக்ரோலீனியர் முள்ளு அந்தத் தேஞ்ச இடத்துக்கு மேலயும் கீழயும் சேத்து உரசிப் போகும். என்கிட்ட இருக்கிற ஒரு நாதஸ்வர எல்பில உச்சஸ்தாயி வரும்போதெல்லாம் கரகரன்னு கிழியும், மைக்ரோலீனியர்ல அந்தக் கிழிசல் முக்கால்வாசி போயிடுச்சு. எல்லா தட்டுக்கும் இப்படி ஆகாது, ரெண்டு தட்டு முன்ன மாதிரியேதான் இருக்கு, அதெல்லாம் அடி வரைக்கும் தேஞ்சிருக்கு.

ஸ்பிரிங். பெரிய தொல்லை குடுத்தது இதுதான், செலவே இல்லாம சரியானதும் இதுதான். சப்-சேஸிஸை விரலால லேசா அழுத்தி விட்டா நேர் மேலயும் கீழயும் குதிக்கணும், பக்கவாட்டுல ஆடக்கூடாது. என்னோடது ஆர்ம் பக்கமா சாஞ்சு கோணல் கோணலா ஆடுச்சு. அடிப்பலகையைக் கழட்டி, ரெண்டு ஸ்டூலுக்கு நடுவுல செட்டை நிறுத்தி, கீழ படுத்துட்டு நட்டைத் திருப்பித் திருப்பி ஒரு ஞாயித்துக்கிழமை முழுசும் போச்சு, நேரா வர்ற மாதிரி வரும், திரும்ப கோணும். சாயங்காலம்தான் கண்ணுல பட்டுச்சு, அந்தக் கடையில மாத்தினாங்கன்னு சொன்ன சிக்னல் ஒயர் சுண்டுவிரல் தடிமன்ல விறைப்பா ஆர்முக்குக் கீழ இருந்து சப்-சேஸிஸை இழுத்துப் பிடிச்சிட்டிருந்துச்சு. மிதக்க வேண்டிய பொருளைக் கயிறு போட்டுக் கட்டின மாதிரி. மெல்லிசான, வளையற ஒயர் போட்டு, உள்ள ஒரு வளையம் தொங்கலா விட்டு அப்புறம் கிளாம்ப் பண்ணேன். பத்து நிமிஷத்துல குதிப்பு நேராச்சு.

அதே ஒயர்ல எர்த்தும் விட்டுப்போயிருந்துச்சு, அதனால ஆர்மைத் தொட்டா ஹம் ஏறுச்சு, விட்டா இறங்குச்சு. ஆர்ம்ல இருந்து தனி எர்த் ஒயர் எடுத்து ஃபோனோ ப்ரீ-ஆம்ப்ல இறுக்கினதும் நின்னுடுச்சு. காட்ரிட்ஜ் உக்கார்ற ஹெட்ஷெல்லோட கான்டாக்ட் மட்டும் மழைக்காலத்துல கறுத்துப் போய் ஒரு பக்கம் சத்தம் விட்டு விட்டு வரும், நம்ம கடலோர ஊர்க் காத்து அப்படி, மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஆல்கஹால்ல தொடைச்சுக்கறேன்.

வெளிநாட்டுக்காரங்க இந்த செட்டைப் பத்தி சொல்ற பெரிய குறை, நடந்தா முள்ளு குதிக்குதுங்கறது. அங்க மரத்தரை. என் வீட்ல மொசைக் தரை, கீழ காங்கிரீட், பசங்க ஓடினாலும் முள்ளு அசையல. அதனால சுவர்ல ஷெல்ஃப் அடிக்கறது, கிரானைட் பலகை வாங்கி வெக்கறது எதுவும் நான் பண்ணல. ஆனா அடிப்பலகை மெல்லிசான ஹார்ட்போர்டு, அதைத் தட்டினா தகரம் மாதிரி சத்தம் வந்துச்சு, அதுக்கு பதிலா 12 மில்லி ப்ளைவுட் வெட்டி ரப்பர் கால் வெச்சேன். பாஸ் கொஞ்சம் இறுக்கமாச்சுன்னு நெனைக்கிறேன். மத்த வேலைகள்ல அளந்து பாத்தேன், இதுல காதை மட்டும் நம்பி சொல்றேன்.

செலவுக் கணக்கு: செட்டு 22,000, பித்தளை புல்லி 600, ஜெர்மன் புல்லியும் பெல்ட்டும் 9,400, காட்ரிட்ஜும் ரெண்டாவது முள்ளும் சேத்து 20,000 பக்கம், ஒயர், ப்ளைவுட், ஆயில், ஆல்கஹால் எல்லாம் 1,500. ஆக 53,500. இதுல காட்ரிட்ஜை விட்டுட்டு மத்ததைப் பாத்தீங்கன்னா, புதுசா எதுவும் சேக்கவே இல்ல, அந்த செட்டு 1970கள்ல எப்படி ஓடணும்னு செஞ்சாங்களோ அப்படி ஓட விட்டிருக்கோம், அவ்வளவுதான். முள்ளு மாத்தினதுல வந்த வித்தியாசத்தை விட ஹெர்ட்ஸும் ஒயரும் சரியானதுல வந்த வித்தியாசம் பல மடங்கு. நெறைய பேர் இந்த வேலையைத் தலைகீழா பண்றாங்க, முப்பதாயிரத்துக்கு காட்ரிட்ஜ் வாங்கி கோணலா ஆடுற சப்-சேஸிஸ் மேல மாட்டிட்டு, பழைய செட்டுன்னா இப்படித்தான்னு வித்துடறாங்க. அதைப் பாக்கும்போது எனக்கு நெஜமாவே வருத்தமா இருக்கு.

வாங்கப் போறவங்களுக்கு ஒண்ணு. யார் எந்த நாட்டுல இருந்து கொண்டுவந்ததுன்னு மொதல்ல கேளுங்க. சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, இங்கிலாந்து, துபாய் எல்லாம் 50 ஹெர்ட்ஸ், கவலை இல்ல. அமெரிக்கா, கனடா, சவுதி 60 ஹெர்ட்ஸ். சவுதில இருந்து வந்ததுன்னா வோல்ட் நம்மளுது மாதிரியே இருக்கேன்னு நெனச்சு ஏமாந்துடாதீங்க. டெக்னிக்ஸ் எஸ்எல்-1200எம்கே2 மாதிரி குவார்ட்ஸ் டைரக்ட் டிரைவ்ல (பெல்ட் இல்லாம மோட்டாரே நேரா தட்டைச் சுத்தும், வேகத்தை குவார்ட்ஸ் முடிவு பண்ணும்) ஹெர்ட்ஸ் பிரச்சனையே கிடையாது, ஆனா ஜப்பான் உள்ளூர் செட்டுன்னா 100 வோல்ட், நேரா 230ல சொருகினா ட்ரான்ஸ்ஃபார்மர் போயிடும். பின்பக்க ஸ்டிக்கர்ல ரெண்டு எண்ணையும் படிங்க, வோல்ட்டையும் ஹெர்ட்ஸையும்.

தை மாசம் சாரை வீட்டுக்குக் கூப்பிட்டேன். அவர் வீட்ல போட்ட அதே எல்பி. கண்ணை மூடிட்டு ஒரு பக்கம் முழுசும் கேட்டார், ஒண்ணும் பேசல. தட்டு நின்னதும், "அந்த பழைய புல்லியை என்ன பண்ணே?"ன்னார். மேஜை டிராயர்ல கெடக்குன்னேன். எடுத்துட்டு வரச் சொன்னார். ஒரு சின்ன ஃபிலிம் ரோல் டப்பாவுல போட்டு, பேப்பர்ல அவர் கையெழுத்துலயே "60 ஹெர்ட்ஸ், அமெரிக்கா. இப்ப மாட்டியிருக்கறது 50, இந்தியா"ன்னு எழுதி சுத்தி, புது அடிப்பலகையோட உள்பக்கம் டேப் போட்டு ஒட்ட வெச்சுட்டுத்தான் கெளம்பினார்.